கூடாரம் தைத்த மலையேறி: எட்வர்ட் விம்ப்பர்

மலைச் சிகரங்களை வென்றவர்களின் பெயர்களை உலகம் போற்றிப் பாதுகாக்கிறது. அவர்கள் முந்திய இரவை எங்கே கழித்தார்கள், எதன் அடியில் படுத்தார்கள் என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆனால் பனிமலையை அறிந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: பகலில் ஏறும் ஆற்றல், இரவில் கிடைத்த உறக்கத்திலிருந்து வருவது. உறைபனியிலும் சூறைக்காற்றிலும் ஒருவன் உயிரோடு விடியலைக் காண வேண்டுமானால், அவன் முதுகில் சுமந்து செல்லக்கூடிய ஒரு வீடு அவனுக்கு வேண்டும். அந்த வீட்டைத் தம் கைப்பட வகுத்துக்கொண்ட ஒருவரின் வரலாறே இது.

கூடாரம் என்றதும் தென்னாட்டாராகிய நமக்குச் சங்க நூல்கள் கூறும் பாசறைகளும், ஊர் ஊராகச் செல்லும் சர்க்கஸும், பெரியவர்கள் சொல்லக் கேட்ட டூரிங் கொட்டகையுமே நினைவுக்கு வரும். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதே நாம் அறிந்த கூடாரம். வடபுலத்திற்குப் படிக்க வந்து, மார்கழி தை மாதங்களில் கம்பளிக்குள் நடுங்கிய பிறகுதான் குளிர் என்பது என்னவென்று நமக்கு விளங்கத் தொடங்குகிறது. விடுமுறையில் இமயத்தின் அடிவாரங்களுக்கு முதுகுப் பையோடு புறப்படும் நண்பர்களும் நம்மிடையே உளர். அவர்கள் எட்வர்ட் விம்ப்பரை அறிந்திருத்தல் நலம்.

இளமை

விம்ப்பர் 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். உடன்பிறந்தோர் பலர், பதினொரு குழந்தைகளில் இவர் இரண்டாமவர். தந்தை ஜோசையா விம்ப்பர் மரச்செதுக்கு ஓவியத் தொழிலில் பேர் பெற்றவர். நிழற்படங்களை அச்சிடும் முறை பரவாத காலம் அது. புத்தகங்களில் படம் வரவேண்டுமானால், கெட்டியான மரக்கட்டையில் அதை இடவலம் மாற்றிச் செதுக்கி, மை தடவி அச்சிட வேண்டும். எட்வர்ட் பள்ளியை விட்டுப் பதினான்கு வயதளவிலேயே தந்தையின் பட்டறையில் அமர்ந்தார். ஒரு மயிரிழை பிசகினாலும் பல நாள் உழைப்பு பாழாகும் தொழில் அது. கண்ணும் கையும் ஒன்றுபட்டு, சிறிய பிழையையும் பொறுக்காத ஒரு மனம் அந்தப் பட்டறையில்தான் உருவாயிற்று.

மலையை அவர் தேடிச் செல்லவில்லை. தொழிலே அவரை அங்கே அனுப்பியது. 1860-இல் லாங்மன் என்னும் பதிப்பாளர், ஆல்ப்ஸ் மலைக் காட்சிகளை வரைந்து வருமாறு இருபது வயது விம்ப்பரை அனுப்பினார். படம் வரையச் சென்ற இளைஞர் மலையேறியாகத் திரும்பினார். அவ்வாறு அவர் உள்ளத்தைக் கொள்ளை கொண்ட சிகரம் மாட்டர்ஹார்ன். சுவிட்சர்லாந்துக்கும் இத்தாலிக்கும் எல்லையில் 14,692 அடி உயரத்தில் கூர்ங்கோபுரம்போல் நிற்கும் அம்மலையில் அதுவரை மனிதன் காலடி படவில்லை. பேய்கள் வாழும் இடம் என்று பள்ளத்தாக்கு மக்கள் அஞ்சினார்கள்.

பறக்க முயன்ற கூடாரம்

1861 ஆகஸ்டு இறுதியில் விம்ப்பர் முதன்முறையாக மாட்டர்ஹார்னை அணுகினார். ஒரே நாளில் அடிவாரத்திலிருந்து ஏறி இறங்க இயலாத மலை அது. மேலே ஓரிடத்தில் இரவு தங்கியே ஆக வேண்டும். அதற்காக ஒரு கூடாரத்தையும் கொண்டு சென்றிருந்தார். லண்டனில் விரித்துப் பார்த்தபோது அது மிக அழகாகவே இருந்தது. மெல்லிய கித்தான், விரித்த புத்தகத்தைக் கவிழ்த்தாற்போன்ற உருவம், இரண்டு ஊன்றுகோல்களே தூண்கள், அடிவிளிம்பில் கற்களைக் கட்டுவதற்குக் கயிறுகள், தரையில் அடிக்க முளைகள். வேறென்ன வேண்டும்?

இரு பாறைத் தோள்களுக்கு நடுவேயுள்ள ஒரு கணவாயில் அதை விரித்தார்கள். கொல்லன் உலைத்துருத்தியின் வாயில் நின்றாற்போல் அங்கே காற்று சீறி வந்தது. மடல்கள் படபடத்தன. முளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டன. விட்டால் கூடாரம் அடுத்த மலைக்குப் பறந்துவிடும் போலிருந்தது. வேறு வழியின்றி அதைக் கீழே இறக்கி, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். இரவு வந்ததும் அதையே போர்வையாகச் சுற்றிக்கொண்டு குளிரில் கிடந்தார்கள். மறுநாள் ஏற்றம் வெற்றி பெறவில்லை.

பிறர் மலையைப் பழிப்பார்கள். அல்லது காற்றைப் பழிப்பார்கள். விம்ப்பர் கூடாரத்தைப் பழித்தார். ஊர் திரும்பியதும் அந்தக் குளிர்காலத்தில் அவர் ஈடுபட்ட வேலை இதுதான்: கரடுமுரடான இடங்களில் சுமந்து செல்லத்தக்க எடை, சூறைக்காற்றிலும் சாயாத உறுதி, இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த கூடாரம் ஒன்றை உண்டாக்குவது.

அவர் செய்த கூடாரம்

அதைச் செய்த முறை மிக எளியது; கைத்தையலும் சிறிது தச்சு வேலையும் அறிந்த எந்த மாணவரும் இன்றும் செய்து பார்க்கலாம்.

ஆஷ் என்னும் வளையும் தன்மையுள்ள உறுதியான மரத்தில் நான்கு கம்புகள். ஒவ்வொன்றும் ஆறரை அடி நீளம், ஒன்றேகால் அங்குலக் கனம். நுனி சற்றே மெலிந்தது. அடியில் இரும்புப் பூண். நுனியிலிருந்து ஐந்து அங்குலம் கீழே துளையிட்டு, இரண்டிரண்டு கம்புகளை ஓர் இரும்பு ஆணியால் கோத்தார். விரித்தால் கத்தரிக்கோல்போல் திறக்கும் இரண்டு இணைகள் கிடைத்தன. முன்பக்கம் ஓர் இணை, பின்பக்கம் ஓர் இணை. முன்னிருந்து பார்த்தால் ஆறடிப் பக்கமுள்ள சமபக்க முக்கோணம். காற்று எத்திசையிலிருந்து தள்ளினாலும், தள்ளும் விசையைத் தரைக்கு இறக்கிவிடும் வடிவம் அது. முளைகளின் தயவு அதற்குத் தேவையில்லை.

கூரைக்கு வெளுக்காத முரட்டுக் காடாத் துணி. ஆறடி அகலத்தில் கிடைக்கும் துணியாகத் தேர்ந்தெடுத்தார். துணியின் அகலமே கூடாரத்தின் நீளமாயிற்று. அதனால் கூரையில் தையல் என்பதே இல்லை. தையல் இல்லாத இடத்தில் கிழிசலும் ஒழுக்கும் தொடங்க வழியில்லை அல்லவா? துணியைக் கம்புகளைச் சுற்றி, ஒரு சுருக்கமும் இல்லாமல் விறைப்பாக இழுத்துத் தைத்தார். தளர்ந்த துணியே காற்றில் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளும் துணியே கிழியும். கூரைத்துணி இருபுறமும் தரையில் இரண்டடி உள்ளே மடிந்து கிடக்குமாறு விடப்பட்டது.

அடுத்தது தரை. இங்கேதான் அவருடைய அனுபவம் பேசுகிறது. தரைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அதன் வழியாகக் காற்று புகும். ஆகவே ரப்பர் பூசிய மழைக்காப்புத் துணியைத் தரையாக்கி, அதைக் கூரையோடு சேர்த்தே தைத்துவிட்டார். தரையின் அளவு ஆறடியாயினும் துணி ஒன்பதடிச் சதுரம். மிகுந்த மூன்றடியைச் சுவரோடு மேலேற்றினார். தலை வைக்கும் பக்கம் இரண்டடி, கால் நீட்டும் பக்கம் ஓரடி. கூடாரத்துக்குள் படுத்திருப்பவர்களின் உடற்பாரமே இனிக் கூடாரத்தை நிலத்தோடு அழுத்திப் பிடிக்கும். தலைக்கும் காலுக்கும் தனித்தனியே கணக்கிட்ட அந்தக் கருத்தைக் கவனியுங்கள். பனியில் படுத்து நடுங்கிய ஒருவரால் மட்டுமே அவ்வாறு எண்ண முடியும்.

பின்பக்கம் முக்கோணத் துணியால் நிரந்தரமாக மூடப்பட்டது. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு மடல்கள். உள்ளே சென்றபின் நாடாக்களால் கட்டிக்கொள்ளலாம். முகட்டுக்குத் தனிக் கம்பு கிடையாது. மலையேறும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் அதே கயிறு, கவர்த்த கம்புகளின்மேல் ஏறிக் கூரைக்கு அடியே ஓடி, முன்னும் பின்னும் பாறைகளில் கட்டப்படும். பகலில் மனிதரைத் தாங்கிய கயிறே இரவில் கூரையைத் தாங்கியது. கயிற்றைப் பற்றிய இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மீண்டும் அதனிடம் வரவேண்டியிருக்கும்.

முழுக் கூடாரத்தின் எடை ஏறத்தாழ 23 ராத்தல், அதாவது பத்தரைக் கிலோ. செலவு சுமார் நான்கு கினி. நால்வர் படுக்கலாம். கம்புகளைச் சேர்த்துச் சுருட்டினால் ஒரு நீண்ட கட்டு. இருவர் சேர்ந்தால் மூன்றே நிமிடத்தில் விரித்து நிறுத்திவிடலாம். விரல்கள் மரத்துப்போகும் குளிரில் அந்த மூன்று நிமிடம் என்பது சிறிய செய்தி அன்று. கடுமழைக்குக் கூரைமேலும் மழைக்காப்புத் துணி சேர்த்தால் இரண்டரை ராத்தல் மட்டுமே கூடும். ஆர்க்டிக் பகுதியில் பல்லாண்டு பனியில் உழன்ற மெக்ளின்டாக் என்னும் கடற்படைத் தலைவரும் தம் அனுபவத்தால் ஏறக்குறைய இதே வடிவத்திற்கு வந்து சேர்ந்திருந்தார். குளிர் இருவருக்கும் ஒரே பாடத்தைத்தான் கற்பித்தது போலும்!

மலையோடு போராட்டம்

1862-ஆம் ஆண்டுக் கோடையில் மட்டும் விம்ப்பர் ஐந்து முறை மாட்டர்ஹார்னைத் தாக்கினார். புதிய கூடாரத்தைச் சுமந்தவர் லூக் மேனே என்னும் கூனர். இறந்துபோன தமையனின் பிள்ளைகளைக் காப்பாற்றும் பொறுப்பைத் தம் வளைந்த முதுகில் ஏற்றுக்கொண்ட ஏழை அவர். பிறரெல்லாம் தயங்கிய இடத்திலும் முகம் சுளிக்காமல் கூடாரத்தைத் தூக்கிச் சென்றார். மலையின் வரலாற்றில் சிகரம் தொட்டவர்களுக்கு இணையான இடம் அவருக்கும் உண்டு என்றால் மிகையாகாது.

அவ்வாண்டு ஜூலையில், மலையில் விட்டுவந்த கூடாரம் பனிமழையில் என்னவாயிற்றோ என்ற கவலையில், விம்ப்பர் தனியே ஏறிச் சென்றார். கூடாரம் பனி போர்த்து, ஆனால் சேதமின்றி நின்றது. அன்றிரவு அதில் தன்னந்தனியே தங்கி, மறுநாள் அதற்குமுன் எவரும் எட்டாத உயரம்வரை ஏறித் திரும்பினார். இறங்கும் வழியில் ஒரு பனிச்சரிவின் மூலையில் கால் வழுக்கியது. பாறைக்குப் பாறை மோதி ஏழெட்டு முறை தெறித்து, ஏறக்குறைய 200 அடி உருண்டார். 800 அடிப் பாதாளத்தின் விளிம்புக்கு மிக அருகே தடைபட்டு நின்றார். தலையில் பீறிட்ட குருதியைப் பனிக்கட்டியால் அடைத்துக்கொண்டு, மயங்கிக் கிடந்து, இருட்டில் தடவித் தடவி ஊர் சேர்ந்தார். ஒரு வாரம் முடிவதற்குள் மீண்டும் அதே மலையில் நின்றார். இதை வீரம் என்பதா, பித்து என்பதா? இரண்டும் கலந்தது என்பதே பொருத்தம்.

1863-இல் மற்றொரு முயற்சி. ழான் அந்துவான் கரேல் என்னும் இத்தாலிய வழிகாட்டி உடனிருந்தார். நடு மலையில் பனிப்புயலும் இடியும் சூழ்ந்துகொண்டன. கற்களை அடுக்கி மேடை அமைத்து, கூடாரத்தை நிறுத்தி, எல்லாரும் உள்ளே புகுந்தார்கள். மலையே அதிரும்படி இடித்தது, கூடாரம் அசையவில்லை. மறுநாள் கீழே வந்து சொன்னபோது விடுதிக்காரர் வியந்தார். ஊரில் வானம் தெளிவாகவே இருந்ததாம். மலைமேல் மட்டும் ஒரு சிறு மேகம் தெரிந்ததாம்! தொலைவிலிருந்து பார்ப்பவர்க்குச் சிறு மேகம். உள்ளே இருப்பவர்க்கு அதுவே பிரளயம். வாழ்க்கையிலும் இப்படித்தானே!

அறுந்த கயிறு

1865 ஜூலை 13-ஆம் நாள் விம்ப்பர் சுவிட்சர்லாந்துப் பக்கமாகப் புறப்பட்டார். சிகரம்வரை உடன் சென்றோர் ஆறு பேர்: புகழ்பெற்ற வழிகாட்டி மிஷேல் குரோ, பாதிரியார் சார்ல்ஸ் ஹட்சன், அவருடைய இளம் நண்பர் ஹாடோ, பிரபு பிரான்சிஸ் டக்ளஸ், வழிகாட்டிகளான தௌக்வால்டர் தந்தையும் மகனும். 11,000 அடி உயரத்தில் கூடாரம் நின்றது. விம்ப்பர், டக்ளஸ், தௌக்வால்டர்கள் ஆகியோர் அதனுள் உறங்கினர். மற்றையோர் தாமே விரும்பி வெளியே படுத்தனர். மறுநாள், ஜூலை 14, பிற்பகல் இரண்டு மணிக்குள் மாட்டர்ஹார்ன் சிகரம் மனிதனின் காலடியில் இருந்தது.

ஒரு மணி நேரம் உச்சியில் களித்திருந்தார்கள். பின் இறக்கம். வரிசையாக நிறுத்திக் கயிறு கட்டும் வேலை நடந்தபோது விம்ப்பர் சற்று அப்பால் சிகரத்தைப் படம் வரைந்துகொண்டிருந்தார். எல்லாருடைய பெயரையும் எழுதிப் புட்டியில் வைக்கும் வேலையும் அவருக்கே வந்தது. அதை முடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்து சேர்ந்தார்.

இறங்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில், பத்தொன்பது வயது ஹாடோவின் கால் வழுக்கியது. அவர் முன்னே இருந்த குரோவின்மேல் விழ, இருவரின் பாரமும் ஹட்சனை இழுக்க, அவரோடு டக்ளஸும் சாய்ந்தார். மேலே இருந்த மூவரும் பாறையைப் பற்றிக்கொண்டு உறுதியாக நின்றனர். கயிறு விறைத்தது, நடுவே அறுந்தது. நால்வரும் ஏறக்குறைய 4,000 அடி ஆழத்தில் பனியாற்றின்மேல் விழுந்து மாண்டனர். டக்ளஸின் உடல் கிடைக்கவே இல்லை. எஞ்சிய மூவரும் அந்த இரவைக் கூரையின்றி, மூவர் இருக்கவே இடம் போதாத ஒரு பாறைத் தட்டில் கழித்தார்கள்.

பின்னர்தான் விம்ப்பர் கயிற்றைக் கண்டார். அவர்கள் மூன்று வகைக் கயிறுகளைக் கொண்டு சென்றிருந்தனர். இரண்டு வலியவை. மூன்றாவது மெல்லியது, இறங்கும்போது பாறைகளில் கட்டி அங்கேயே விட்டுவிடலாம் என்று எடுத்துவந்த பழங்கயிறு. தந்தை தௌக்வால்டருக்கும் டக்ளஸுக்கும் நடுவே கட்டப்பட்டிருந்தது அந்த மெல்லிய கயிறுதான். நல்ல கயிறு மிச்சம் இருந்தபோதே இது நடந்தது!

ஊர் சும்மா இருக்குமா? முதிய வழிகாட்டியே தம் உயிரைக் காக்கக் கயிற்றை அறுத்துவிட்டார் என்று சிலர் தூற்றினர். விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்றது. அறுந்த நுனியைக் கண்ட விம்ப்பரும் அது தானே இற்றது என்று உறுதி கூறினார். ஆயினும் வழிகாட்டியின் எஞ்சிய வாழ்வில் அந்த நிழல் அகலவில்லை.

நாம் வழக்குத் தீர்ப்பதற்கு இல்லை. ஆயினும் ஒன்றை எண்ணாமல் இருக்க முடியவில்லை. கூடாரத்தில் ஒரு சுருக்கம், ஒரு தையல், தலைப்பக்கத்தில் ஓர் அடித் துணி எல்லாவற்றையும் தாமே அளந்த மனிதர் விம்ப்பர். அவருடைய கூடாரம் எந்தப் புயலிலும் அவரைக் கைவிட்டதில்லை. ஆனால் வெற்றிக் களிப்பில் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில், எந்தக் கயிறு யாரிடையே கட்டப்படுகிறது என்று அவர் பார்க்கவில்லை. இருபத்தைந்து வயதில் நேர்ந்த அந்த இழப்பு வாழ்நாள் முழுதும் அவரைத் தொடர்ந்தது.

பிற்காலம்

விம்ப்பர் ஒடுங்கிவிடவில்லை. 1867-இலும் 1872-இலும் கிரீன்லாந்து சென்று, புதைபடிவத் தாவரங்களைச் சேகரித்தார். 1871-இல் தம் ஆல்ப்ஸ் ஏற்றங்களை விவரிக்கும் நூலை, தம் மரச்செதுக்குப் படங்களுடன் வெளியிட்டார். கூடாரம் செய்யும் முறையையும் அதில் மறைக்காமல் எழுதி வைத்தார். 1874-இல் நம் இமயத்திற்கு வரவும் எண்ணினார். எல்லைப்புற அரசியல் அதற்குத் தடையாயிற்று. ஆகவே தென் அமெரிக்காவின் எக்வடார் நாட்டைத் தேர்ந்தார். உடன் அழைத்துச் சென்றவர் யார் தெரியுமா? மாட்டர்ஹார்னில் தமக்குப் போட்டியாக நின்று, மூன்று நாள் பிந்தி இத்தாலியப் பக்கத்திலிருந்து சிகரம் தொட்ட அதே கரேல். அவருடைய உறவினர் லூயி கரேலும் உடன் வந்தார். 1880 ஜனவரி 4-இல் மூவரும் சிம்போராசோ சிகரத்தை முதன்முதலாக எட்டினர்.

அடுத்த மாதம் கோட்டொபாக்ஸி எரிமலையின் உச்சியருகே, சுமார் 19,500 அடியில், சாம்பல் சரிவில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கினார். வெளியே வெப்பம் பாரன்ஹீட் 13 டிகிரி வரை இறங்கிற்று. உறைநிலைக்கும் மிகக் கீழே. உள்ளே திடீரென்று ரப்பர் கருகும் நாற்றம்! வெப்பமானியைத் தரையில் வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 110 டிகிரி. மறு பக்கம் 50 டிகிரி. கீழே எரிமலையின் சூடு தரைத்துணியை உருக்கத் தொடங்கியிருந்தது. பனிக்காகத் தைத்த தரைக்கு நெருப்பாலும் சோதனை வந்தது! உயரத்தில் மனித உடல் படும் பாட்டை ஆராய்வதற்காக 26 மணி நேரம் தொடர்ந்து அங்கே இருந்துவிட்டு நலமாக இறங்கினார்.

இதற்கிடையே நிழற்பட அச்சு பரவி, அவருடைய மரச்செதுக்குக் கலை நலிந்தது. முதுமையில் கனடாவின் மலைகளுக்கும் சென்றார். கண்டிப்பும் தனிமையும் மிக்க வாழ்க்கை. 1906-இல் மணந்தார், ஒரு மகள் பிறந்தாள், மணவாழ்வு நிலைக்கவில்லை. 1911 செப்டம்பர் 16-ஆம் நாள், தாம் நேசித்த ஆல்ப்ஸின் அடியில் சாமொனி நகர விடுதி அறையொன்றில், தனியே உயிர் நீத்தார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இமயத்தை அவர் காணவில்லை. ஆனால் அவர் கூடாரம் கண்டது. 1920-களில் எவரெஸ்ட் சிகரத்தை நாடி வந்த குழுவினரின் மூட்டைகளில், விம்ப்பர் கூடாரம் என்ற பெயரோடே அது இருந்தது.

நண்பர்களே, இன்று கடைகளில் நைலான் கூடாரங்கள் எடை குறைவாகவே கிடைக்கின்றன. ஆயினும் தரையைச் சுவரோடு சேர்த்துத் தைப்பது, துணியை விறைப்பாக இழுப்பது, மரத்த விரல்களாலும் விரைவில் நிறுத்துவது என்னும் அவர் பாடங்கள் பழசாகவில்லை. வாங்கினாலும் சரி, தைத்தாலும் சரி, புறப்படுமுன் ஒருமுறை உங்கள் கையாலேயே விரித்துப் பாருங்கள். ஒவ்வொரு தையலையும் தடவிப் பாருங்கள். கூடாரத்தைப் பார்த்த கண்ணால் கயிற்றையும் பாருங்கள். சிகரம் தொட்ட பிறகு, இறங்கும் வேளையிலும் பாருங்கள். விம்ப்பரின் வெற்றியும் துயரமும் நமக்கு விட்டுச்சென்ற அறிவுரை அதுவே.